மாப்பிள்ளை வீட்டுத் தண்ணி

நிக்கட்டும். அவசரப்பட்டா எந்த எண்ணும் நிக்காது. முதல்ல குமிழி இருக்கான்னு பாரு பூங்கோதை, லேபுக்குப் புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நீதானே சொல்லிக் குடுக்கற, எலக்ட்ரோடு முனையில குமிழி ஒட்டிக்கிட்டா மீட்டர் என்னத்தையாவது உளறும்னு. குனிஞ்சு பாத்தேன், ஒட்டித்தான் இருந்துச்சு, கடுகு அளவுக்கு. லேசாச் சாய்ச்சு விரலால ஒரு தட்டு, போயிடுச்சு. பீக்கருக்குள்ள காந்தக் குச்சி சுத்துது, தண்ணி நடுவுல சின்னதாக் குழி விழுது, மீட்டர்ல ரெண்டு புள்ளி மூணு. ரெண்டு புள்ளி ஒண்ணு. எறங்குது. எறங்கத்தான் செய்யும், இதுக்கு முன்னாடி வெச்சது ஒரு குவாரிப் பக்கத்துக் கெணத்துத் தண்ணி, நாலுக்கு மேல காட்டுச்சு, எலக்ட்ரோடு இன்னும் அந்த நெனப்புலயே இருக்கு, அத விட்டுட்டு இந்தத் தண்ணிக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் புடிக்கும். இன்னொரு தடவ நல்லாக் கழுவியிருக்கலாம். ஒரு அலசு அலசி, டிஷ்யூல ஒத்தி எடுத்து, வெச்சுட்டேன். கைக்கு அவ்வளவு அவசரம். "எந்த ஊருத் தண்ணிக்கா அது, பாட்டில்ல நம்பரே போடல?" எதிர் மேசையிலேர்ந்து லூர்து மேரி கேக்கறா. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது, சேலத்துல எந்தத் தெருவுல என்ன தண்ணி வருதுன்னு கேளு, ஒப்பிப்பா. தெரிஞ்சவங்க வீட்டுதுன்னு சொல்லி வெச்சேன். பொய் இல்ல. எம் பொண்ணு எழிலுக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை வீட்டுத் தண்ணி. நேத்து வீடு பாக்கப் போனப்ப பாட்டில்ல வாங்கிட்டு வந்தது. சாயங்காலத்துக்குள்ள சரியா இல்லையான்னு அவங்களுக்குப் போன் பண்ணியாகணும். எங்க வீட்டுக்காரர் சரின்னுட்டார், எங்கண்ணன் சரின்னுட்டார், எழில் வாயத் தொறந்து சொல்லல, மூஞ்சி சொல்லுது. மிச்சம் நான் ஒருத்திதான். நான் இங்க உக்காந்து மீட்டரக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

ஒண்ணு புள்ளி ஒம்போது. ஃபுளோரைடுங்கறது வாய்க்கு ருசி தெரியாது, மூக்குக்கு வாசம் தெரியாது, காய்ச்சினாலும் போகாது. அவங்க ஊரு தர்மபுரி தாண்டி உள்ள போகணும், பாறைக்காடு, பாறையிலேர்ந்து கரைஞ்சு போர் தண்ணியில ஏறி வர்ற சமாச்சாரம், யாரையும் குத்தம் சொல்ல முடியாது. லிட்டருக்கு ஒண்ணரை மில்லிகிராம் வரைக்கும் ஒத்துக்கலாம். மேல போனா வளர்ற புள்ளைங்க பல்லுல காவி விழும். இன்னும் மேல போயி வருசக்கணக்காக் குடிச்சா எலும்பு இறுகிப் போகும், முட்டி மடங்காது, முதுகு நிமிராது. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க லேபு பாக்க வந்தா நான் ஒப்பிக்கறதே இதத்தான், கடகடன்னு, பஸ்ஸுல ஊரு பேரு சொல்ற மாதிரி. சொல்றப்ப ஒரு மூஞ்சியும் ஞாபகத்துக்கு வராது. எப்படி வரும்? எனக்கு வர்றது பாட்டிலு. பாட்டில் மேல நம்பரு. எண்ண எழுதி மேல அனுப்பிச்சா என் சோலி முடிஞ்சுது, அடுத்த பாட்டிலு. நேத்துத்தான் முதல் தடவையா பாட்டிலுக்குப் பின்னாடி நிக்கற மூஞ்சியப் பாத்தேன். மாப்பிள்ளையோட அம்மா, மாதம்மா. கார் நின்ன எடத்துக்கே வந்து, "வாங்கம்மா, இந்த வெயில்ல வந்துட்டீங்களே" ன்னு வாய் நெறையச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு தெரியல, பல்லுதான் தெரிஞ்சுது. குறுக்கால காவிப் பட்டை, நுனியெல்லாம் அரிச்சு அரிச்சு. ஒரு மனுசி மனசார வாங்கன்னு கூப்புடறா, நான் நின்ன எடத்துலயே இது ரெண்டரை இருக்குமா, மூணு இருக்குமான்னு மனசுக்குள்ள எண் போடறேன். என்ன பொழப்போ. உள்ள போயி பாய் விரிச்சு எங்களோட அவங்களும் கீழ உக்காந்தாங்க, உக்காரறதுக்கே செவத்தப் புடிக்கறாங்க, எந்திரிக்கறப்ப ஒரு கை செவத்துல, ஒரு கை முட்டியில, ஆனா பேச்சு நிக்கல, சிரிப்பு நிக்கல. அம்பத்தஞ்சு வயசு இருக்குமா? என் வயசுதான். எனக்குத் திடீர்னு பயம் வந்துச்சு. எழில் இதே எடத்துல, இதே செவத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கற மாதிரி. அவ இடுப்புல ஒரு புள்ள, அந்தப் புள்ள சிரிக்குது, நான் அதோட வாயப் பாக்கறேன். இன்னும் பொறக்கவே இல்ல, அதுக்குள்ள அதோட பல்ல எண்ணிக்கிட்டு இருக்கேன்.

ஒண்ணு புள்ளி ஏழு. கலங்காம ஒரே சீராத்தான் எறங்குது. எங்க பக்கமும் அவங்க பக்கமும் இதுல ஒரே வழக்கந்தான், வீடு பாக்கப் போன எடத்துல கை நனைக்கக் கூடாது. காப்பி குடிக்கலாம், பலகாரம் ஒண்ணு வாயில போட்டுக்கலாம், சோத்துல உக்காந்துட்டா சம்மதம்னு அர்த்தம், அதுக்கப்புறம் மாறிப் பேச முடியாது. அதனால எங்கண்ணன் மணியப் பாத்துக்கிட்டே இருந்தார், எங்க வீட்டுக்காரர் மட்டும் சமையக்கட்டுலேர்ந்து வந்த கொழம்பு வாசத்துக்குக் கெளம்ப மனசில்லாம உக்காந்திருந்தார். அவருக்கு எல்லாரும் நல்லவங்க, எல்லா ஊரும் நல்ல ஊரு. நான் கைப்பையில பாட்டிலோட உக்காந்திருக்கேன். லேபு பாட்டிலு, புதுசு, அலசிக் காய வெச்சு வீட்டுலேர்ந்தே எடுத்துட்டுப் போனது. கெளம்பற நேரத்துல, "வழிக்குக் கொஞ்சம் தண்ணி வேணுங்க, கொல்லையில கொழாய்ல நானே புடிச்சுக்கறேன்" னு எந்திரிச்சேன். விடுவாங்களா? "நீங்க எதுக்குங்க, குடுங்க இப்பிடி" ன்னு கையிலேர்ந்து பாட்டில வாங்கிக்கிட்டு, முட்டியத் தேய்ச்சுக்கிட்டே உள்ள போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வந்தாங்க. பாட்டில முந்தானையில தொடச்சு, ரெண்டு கையாலயும் நீட்டி, "இந்தாங்க சம்பந்தி" ன்னாங்க. அம்மாவா இருந்தவ அந்த ஒரு பாட்டில்ல சம்பந்தி ஆயிட்டேன். கார் தெருமுனை திரும்பல, எங்கண்ணன் சிரிச்சார். "சோறு வேணாம்னுட்டு தண்ணிய வாங்கிக் கைப்பையில வெச்சுக்கிட்டு வர்ற. கை நனைச்சது போதாதுன்னு கையோட எடுத்துட்டே வந்துட்ட. அவங்க வேற என்னன்னு நெனைப்பாங்க?" எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அந்தம்மா இந்நேரம் தெரு பூரா சொல்லியிருப்பாங்க. பொண்ணோட அம்மா நம்ம தண்ணிய ஆசையாக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க, அப்புறம் என்ன, முடிஞ்ச மாதிரிதான்னு. தண்ணிய வாங்கிட்டு வந்ததுக்குக் காரணம் வேண்டாம்னு சொல்றதுக்கு. அவங்களுக்குத் தெரிஞ்சது வேணும்னு சொன்னதா. இத எங்க போயிச் சொல்ல.

ஒண்ணரை. நின்னுடு. சரியா ஒண்ணரையிலயே நின்னா என்ன பண்ணுவேன்? சரின்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம், அதுக்கு மீட்டர் எதுக்கு. நிக்கல. ஒண்ணு புள்ளி நாலு. ராத்திரி பாட்டில ஃபிரிட்ஜுல வெச்சிருந்தேன், எழில் அத எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா. "என்னம்மா இது?" லேபுக்குன்னேன். "எந்த ஊருத் தண்ணி?" நான் அடுப்பத் தொடைக்கப் போனேன். அவ என்னையே பாத்தா. கோவப்படுவான்னு நெனச்சேன், கோவப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். "அவரு ஏன் வாய மூடிக்கிட்டே சிரிக்கறாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறியா? முதல் தடவ போன்ல பேசினப்பவே சொல்லிட்டாரு. பள்ளிக்கூடத்துல பசங்க சொல்றாங்களாம், சார் உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பல்லுன்னு" ன்னா. மாப்பிள்ளை தீர்த்தகிரி பக்கத்து ஊர்ல அரசுப் பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியார். வேற ஊருக்கு மாத்திக்கிட்டுப் போற எண்ணம் இல்ல, அம்மாவ விட்டுட்டு வர மாட்டாரு, அதையும் முன்னாடியே சொல்லிட்டாரு. அதுல எனக்கு மரியாதை வந்துச்சு, அதே நேரத்துல எரிச்சலும் வந்துச்சு. ஓசூர்ல வேல பாக்கறவனா இருந்தா இந்தப் பாட்டிலுக்கே வேலை இல்லையே. எழில் பாட்டில இருந்த எடத்துலயே வெச்சா, மூடியத் திருப்பிப் பாத்து இறுக்கி வெச்சா, கசிஞ்சுடக் கூடாதுன்னு. "நீ பாத்துச் சொல்லு, நீ என்ன சொன்னாலும் சரி" ன்னுட்டுப் போயிப் படுத்துட்டா. இப்படிச் சொல்ற புள்ளைய என்ன பண்றது. சண்ட போட்டாலும் தேவல.

ஒண்ணு. ஒண்ணுக்கும் கீழ. புள்ளி ஒம்போது. எனக்கு ஆத்திரமா வருது. எதுக்கு ஆத்திரம்? தண்ணி நல்லா இருந்தா சந்தோசம்தானே படணும்? எழில் ஆசப்படற எடம், புள்ள நல்ல புள்ள, தண்ணியும் நல்லாருக்குன்னா போன எடுத்துச் சரிங்கன்னு சொல்ல வேண்டியதுதானே? ஆனா நான் உக்காந்துக்கிட்டு ஏறு ஏறுன்னு நெனைக்கறேன். மறுபடியும் குனிஞ்சு குமிழி இருக்கான்னு பாக்கறேன். இல்ல. பாதிக்குப் பாதி சேக்க வேண்டிய கரைசல் சேத்தேனா? சேத்தேன். காலையில அளவு தெரிஞ்ச கரைசல வெச்சு மீட்டரச் சரி பாத்தேனா? பாத்தேன், நானேதான் பாத்தேன், லூர்து மேரி சாட்சி. அப்ப மீட்டர் பொய் சொல்லல. பொய் சொல்லணும்னு ஆசப்படறது நான். என்னான்னா, எனக்கு ஒரு எண் வேணும். ரெண்டோ மூணோ ஒரு எண் இருந்தா நான் யாரையும் வேணாம்னு சொல்ல வேண்டாம், எண்ணு சொல்லும். "உங்க மேல ஒண்ணும் இல்லீங்க, தண்ணிதான்" னு சொல்லிட்டு நல்லவளா ஒதுங்கிக்கலாம். ஒரே பொண்ணு, காட்டுப்பக்கம் போயி, பஸ்ஸு காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, நான் பாக்கணும்னு நெனைச்ச நேரத்துக்குப் போயிப் பாக்க முடியாது. அதுதான். பல்லு, எலும்பு எல்லாம் நெசம், ஆனா அடியில கெடக்கறது அது. எம் பொண்ண நான் அனுப்ப மாட்டேன்னு சொல்லத் துப்பில்லாம ஒரு பீக்கர் தண்ணிகிட்ட சொல்லச் சொல்றேன். "அக்கா, டீ ஆறுது" ன்னு லூர்து மேரி டம்ளர மேசை ஓரத்துல வெச்சுட்டுப் போறா. எண்ண எட்டிப் பாத்துட்டு, "அட, நல்ல தண்ணியாச்சே" ன்னா. ஆமாண்டி, நல்ல தண்ணி.

நின்னுடுச்சு. புள்ளி மூணு. ரொம்ப நேரமா அசையல. டீயில ஏடு படிஞ்சுடுச்சு. புள்ளி மூணா? அந்தப் பாறைக்காட்டுல தோண்டின போர்ல புள்ளி மூணா? மாதம்மாவோட பல்லு எனக்குத் தெரியும், அந்தப் பல்லு புள்ளி மூணுல வளர்ந்த பல்லு இல்ல. பாட்டில்ல மிச்சம் இருந்ததுல கொஞ்சம் வேற பீக்கர்ல ஊத்தி, உப்பு எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு காட்டற மீட்டர அதுல விட்டேன். போர் தண்ணின்னா ஆயிரத்துக்குக் கிட்ட நிக்கணும். நாப்பத்துச் சொச்சம் காட்டுது. இது போர் தண்ணியே இல்ல. காசு குடுத்து வாங்கற கேன் தண்ணி. அட கடவுளே, என் வேலையோட முதல் பாடம் இது. சாம்பிள் எடுக்கறப்ப நீயே புடி, எங்க புடிச்சன்னு எழுது. நேத்து வந்த புது ஆளு இந்தத் தப்பப் பண்ணியிருந்தா நிக்க வெச்சுக் கேட்டிருப்பேன். நான் கண்ணெதிர்லயே பாட்டில அடுத்தவங்க கையில குடுத்து, உள்ள போக விட்டு, வாங்கிட்டு வந்து, ஒரு ராத்திரி பூராத் தூங்காம, இவ்வளவு நேரம் எதுக்கு உக்காந்திருந்தேன்? கேன் தண்ணி கேன் தண்ணிதான்னு கண்டுபுடிக்க. சிரிக்கலாம் போல இருந்துச்சு, சிரிப்பு வரல. கோவந்தான் வந்துச்சு, அந்தம்மா மேல. என்ன தைரியம். வந்தவங்களுக்கு ஒரு தண்ணி, வீட்டு ஆளுங்களுக்கு ஒரு தண்ணி. எம் பொண்ணு அங்க போனா எத்தன நாளைக்கு வந்தவ? ஒரு மாசமா, ஒரு வருசமா? எந்த நாள்ல இருந்து அவ அந்த வீட்டு ஆளு, எந்த நாள்ல இருந்து அவளுக்கும் கொழாய்த் தண்ணி? இத எந்த மீட்டர்லயும் பாக்க முடியாது, கேக்கத்தான் முடியும். போன எடுத்துக்கிட்டு வராண்டாவுக்கு வந்தேன். எண்ணத் தேடறதுக்குள்ள ரெண்டு தடவ வேற யாருக்கோ போகப் பாத்துச்சு.

முதல் மணியிலயே எடுத்துட்டாங்க. "சொல்லுங்க சம்பந்தி, உங்க போனுக்குத்தான் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்." நான் சுத்தி வளைக்கல. நேத்து பாட்டில்ல குடுத்தீங்களே, அது எந்தத் தண்ணிங்கன்னு கேட்டேன். இதுவரைக்கும் நிக்காம பேசின மனுசி, கொரலத் தாழ்த்தி, "டெஸ்ட்டு பண்ணிட்டீங்களா?" ன்னாங்க. எனக்குத்தான் தூக்கி வாரிப் போட்டுச்சு. "பாட்டில் கேட்டப்பவே தெரியும்ங்க. நீங்க தண்ணி பாக்கற எடத்துல வேல செய்யறீங்கன்னு பையன் சொல்லியிருக்கான். வந்ததுலேர்ந்து நீங்க எம்பல்லப் பாத்ததையும் நான் பாத்தேன். உள்ள போயி பானைத் தண்ணிய பாதி ஊத்திட்டேங்க. அப்புறந்தான் நெனச்சுப் பாத்தேன். இதக் குடுத்தா எம் பையனுக்குப் பொண்ணு வராதுன்னு, கீழ ஊத்திட்டு, உங்களுக்குன்னு வாங்கி வெச்ச கேன் தண்ணிய ஊத்திட்டேன். ஏமாத்தணும்னு இல்லீங்க. பயந்துட்டேன்." கோவத்த எங்க வெச்சேன்னு தேடினேன், காணோம். வழிக்குத் தண்ணின்னு பொய் சொன்னது நான், வேற தண்ணிய ஊத்தினது அவங்க, ரெண்டு பேரும் நேத்து அந்த வீட்டுல சிரிச்சுக்கிட்டே நின்னுருக்கோம். அவங்களே மேல பேசினாங்க. "நீங்க பொண்ணக் குடுக்காட்டியும் பரவால்லீங்க. அந்தத் தண்ணியில என்னதான் இருக்குதுன்னு மட்டும் சொல்லிடுங்க. ஆபீசருங்க ஜீப்புல வருவாங்க, தண்ணி புடிச்சுட்டுப் போவாங்க, எங்களுக்கு யாரும் வந்து ஒரு வார்த்த சொன்னதில்ல." ஒப்பிக்கற மாதிரி சொல்லாம, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஃபுளோரைடுன்னு பேரு, பாறையிலேர்ந்து வருது, பல்லுல ஏறும், எலும்புல ஏறும்னு. உம் கொட்டிக் கேட்டுக்கிட்டாங்க. "அப்ப அதக் குடிக்கறத விட்டுட்டா எம் முட்டி நேராயிடுங்களா?" ஆயிடும்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அந்தக் கொரலுக்கு அதச் சொல்லத்தான் தோணும். "ஆகாதுங்க" ன்னேன். "இதுக்கு மேல மோசமாகாம நிறுத்தலாம். அவ்வளவுதான்." கோழி கத்தறது கேட்டுச்சு, யாரோ கொடத்தக் கீழ வெக்கற சத்தம் கேட்டுச்சு. "சரிங்க" ன்னாங்க, மெதுவா. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, வராண்டா கம்பியப் புடிச்சுக்கிட்டேன். "சமையலுக்கும் குடிக்கவும் வீட்டுக்கு ஃபுளோரைட எடுக்கற ஃபில்டர் போடணும். எழிலுக்கு மட்டும் தனியா இல்ல, உங்களுக்கும் சேத்து. போட்டுட்டு நாள் பாருங்க, எங்களுக்குச் சம்மதம்" னேன். அழுவாங்கன்னு நெனச்சேன். அழல. "நாள் பாக்கறது இருக்கட்டும் சம்பந்தி. எங்க தண்ணிய ஒரு பாட்டில் புடிச்சு நாளைக்கு அவன்கிட்ட குடுத்து விடறேன், மாத்தாம, கொழாயிலேர்ந்து. எத்தன காட்டுதுன்னு யாருக்கும் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும். இத்தன வருசம் குடிச்சது நானுங்க." சொல்றேன்னேன்.